சிறு கருவிகளின் கூட்டுறவு

பெரிய வேலைகளைச் செய்து முடிக்கப் பெரிய கருவிகளே வேண்டும் என்பது பலரும் கொண்டிருக்கும் எண்ணம். தச்சுப் பட்டறைக்குள் நுழைந்து பார்ப்பவர்க்கோ உண்மை வேறாகத் தோன்றும். உளி அறுப்பதில்லை; வாள் இழைப்பதில்லை; இழைப்புளி துளையிடுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு தொழிலை மட்டுமே அறியும். அவையனைத்தும் ஒருவன் கையில் ஒன்றுசேரும்போதுதான் கதவும் கட்டிலும் பிறக்கின்றன. கணினி உலகிலும் இக்கொள்கையைப் பின்பற்றி எழுந்த ஒரு மரபு உண்டு. கட்டளை வரி என்று அதனைக் கூறுவர்.

இன்று கணினியைத் தொடுவோர் பெரும்பாலும் படங்களையும் பொத்தான்களையுமே காண்கின்றனர். பொத்தான் எளிமையானது, ஆனால் அதனைச் செய்தவன் எதை முன்கூட்டி எண்ணினானோ அதை மட்டுமே அது செய்யும். அவன் எண்ணிப் பாராத ஒரு தேவை எழுந்தால், பயனாளர் கைபிசைந்து நிற்க வேண்டியதுதான். கட்டளை வரியிலோ மனிதன் சொற்களால் பேசுகிறான். அச்சொற்களைக் கேட்டு வாங்கி, இயந்திரத்திடம் சேர்ப்பிக்கும் இடையாளுக்கு ஷெல் என்று பெயர். அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால், அதுவே ஷெல் ஸ்கிரிப்ட் ஆகிறது. ஒருமுறை சிந்தித்ததை நூறுமுறை பயன்படுத்தும் வழி அது.

இம்மரபு அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து பெல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது. தோட்டத்து நீர்க்குழாயில் மற்றொரு குழாயைத் திருகிப் பொருத்துவதுபோல, ஒரு நிரலோடு மற்றொரு நிரலைப் பொருத்த முடிய வேண்டும் என்று 1964-ஆம் ஆண்டிலேயே டக் மெக்கில்ராய் எழுதி வைத்தார். யூனிக்ஸ் அப்போது பிறக்கவே இல்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல், கென் தாம்சன் அதனை யூனிக்சில் நிறைவேற்றினார். ஒரு நிரலின் விளைவு அடுத்த நிரலின் உள்ளீடாகப் பாயும் அந்த ஏற்பாட்டிற்குக் குழாய் என்றே பெயர் வழங்கிற்று. யூனிக்சைத் தொடக்கத்தில் கையாண்டோர் அறிவியலாளர் மட்டும் அல்லர். அவ்வாய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவர்களும் அதனைக் கையாண்டனர். அன்றாட அலுவலுக்காகவே இக்கருவிகள் வளர்ந்தன என்பதற்கு இஃது ஒரு சான்று.

இதன் தத்துவம் மலேசிய மண்ணில் வளர்ந்தவர்க்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுப்பவர் ஒருவர். ஆலையில் அதனை வடிகட்டித் தூசியை நீக்குபவர் ஒருவர். அமிலம் கலந்து உறைய வைப்பவர் மற்றொருவர். உருளையில் இட்டுத் தகடாக்குபவரும் புகைக்கூடத்தில் உலர்த்துபவரும் வேறு வேறு ஆள்கள். முன்னவர் கையிலிருந்து வருவதை வாங்கித் தம் பணியை முடித்துப் பின்னவரிடம் கொடுப்பது ஒன்றே ஒவ்வொருவர் கடமையும். கட்டளைகளும் அவ்வாறே தொழில்படுகின்றன.

ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளரை எண்ணிப் பார்க்கலாம். அவரிடம் உறுப்பினர் நானூறு பேரின் பட்டியல் ஒன்றும், சந்தா செலுத்தியோர் பட்டியல் ஒன்றும் உள்ளன. செலுத்தாதவர் யார் என்று அவர் அறிய வேண்டும். பேனாவும் கையுமாக அமர்ந்தால் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். இரண்டொரு பெயர் தப்பியும் போகும். இரண்டு கோப்புகளையும் ‘சார்ட்’ என்னும் கட்டளையால் வரிசைப்படுத்தி, ‘காம்’ என்னும் கட்டளையால் ஒப்பிட்டு, முதற் பட்டியலில் மட்டும் இருப்பவற்றைக் காட்டச் சொன்னால், விடை கண்ணிமைப்பொழுதில் வந்துவிடும்.

ஆனால் அவ்விடையை அவர் உடனே நம்பிவிடலாகாது. ஒரு பட்டியலில் தலைப்பெழுத்துடனும் மற்றொன்றில் தலைப்பெழுத்தின்றியும் எழுதப்பட்ட பெயர், கணினிக்கு இரு வேறு மனிதர்களாகவே தோன்றும். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் அதே கதிதான். பணம் கட்டியவருக்கே நினைவூட்டு மடல் போய்ச் சேரும். பழைய உறுப்பினர் மனம் நோவார். ஆதலால், பெயரை விடுத்து உறுப்பினர் எண்ணைக் கொண்டு ஒப்பிடுவதே அறிவுடைமை. கணக்கேட்டில் பல ஆண்டுகளாக மறைந்துகிடந்த ஒழுங்கின்மையை வெளிச்சத்திற்குக் கொண்டுவருவதும் இக்கருவிகள் செய்யும் நன்மையே.

சிறு கருவிகளின் ஆற்றலை உலகறியச் செய்த நிகழ்ச்சி ஒன்று 1986-இல் நடந்தது. ஒரு நூற்பகுதியைப் படித்து, அதில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிடும் நிரல் ஒன்றை எழுதுமாறு, கணினியியல் இதழொன்றில் பத்தி எழுதிவந்த ஜான் பெண்ட்லி, பேரறிஞர் டொனால்டு நூத்தைக் கேட்டுக்கொண்டார். நூத் பல பக்கங்களில் விளக்கத்தோடு ஓர் அழகிய நிரலைப் படைத்தார். அதனைத் திறனாய்வு செய்த மெக்கில்ராய், நிரலின் நேர்த்தியைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறே கட்டளைகளில் செய்து காட்டினார். எழுத்தல்லாதவற்றை நீக்கிச் சொல்லுக்கு ஒரு வரி ஆக்குதல், பெரிய எழுத்துகளைச் சிறியவையாக்குதல், வரிசைப்படுத்துதல், ஒரே சொல் எத்தனை முறை வந்தது என எண்ணுதல், எண்ணிக்கையின்படி இறங்கு வரிசையில் அடுக்குதல், வேண்டிய அளவோடு நிறுத்துதல். அவ்வளவே.

அந்த ஆறு கட்டளைகளிடம் அப்படியே ஒரு தமிழ்க் கட்டுரையைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு தமிழ்ச் சொல்லும் மிஞ்சாது. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளை மட்டுமே எழுத்தென்று அறிந்த முதற்கட்டளை, தமிழ் முழுவதையும் குப்பையென்று கூட்டித் தள்ளிவிடும். இது கருவியின் பகைமை அன்று. அதற்குக் கற்பித்தவர் தம் மொழியை மட்டுமே எண்ணியதன் விளைவு. எழுத்துகளைக் கொண்டு சொல்லை அடையாளம் காணாமல், இடைவெளியையும் நிறுத்தற்குறிகளையும் கொண்டு பிரிக்குமாறு அந்த ஒரு கட்டளையை மாற்றிவிட்டால் தமிழ் உயிர்பெற்றெழும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதம் தமிழில் இல்லாமையால், இரண்டாம் கட்டளையே தேவையற்றதாகிவிடும்.

எனினும் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. ‘அந்தக் குழந்தை’, ‘அந்தச் சிறுவன்’, ‘அந்தப் பெண்’ என்னும் தொடர்களில் வருவது ஒரே சொல் என்பதைத் தமிழ்ச் சிறுவனும் அறிவான்; கணினியோ மூன்று சொற்களாக எண்ணும். இங்கே இலக்கணம் கைகொடுக்கிறது. தமிழ்ச் சொல்லின் இறுதியில் வல்லின மெய் இயல்பாக நிற்பதில்லை. எனவே சொல்லின் கடைசியில் க், ச், த், ப் ஆகியவை வந்தால் நீக்குக என்று ‘செட்’ என்னும் கருவிக்கு ஒரு வரி எழுதினால் போதும். பள்ளியில் மனப்பாடம் செய்த விதி ஒன்று, இயந்திரத்துக்கு இடும் கட்டளையாகிவிடுகிறது! ‘கிளப்’ போன்ற பிறமொழிச் சொற்கள் அவ்விதியால் ‘கிள’ என்று குறைபட்டு நிற்கும் என்பதையும் மறத்தலாகாது. விதி எங்கே பொருந்தாது என்பதைக் கண்டறிய மொழியறிந்த மனிதரே வேண்டும்.

கட்டளை வரி அச்சமறியாது. ஆதலின் அதனைக் கையாள்வோர் அஞ்ச வேண்டும். ‘ஆர்எம்’ என்னும் அழிப்புக் கட்டளை பொதுவாக எதையும் குப்பைத்தொட்டியில் போட்டு வைப்பதில்லை, நேரே அழித்துவிடும். பெயரின் நடுவே இடைவெளியுள்ள ஒரு கோப்பை, மேற்கோள் குறியின்றிக் குறிப்பிட்டால், ஷெல் அதனை இரண்டு பெயர்களாகக் கொள்ளும். வேண்டிய கோப்பு ஒன்று வீணே மறையக்கூடும். எதை அழிக்கப்போகிறது என்பதை முதலில் திரையில் எழுதிக் காட்டச் செய்து, கண்ணால் பார்த்த பிறகே செயலில் இறங்குவது அனுபவசாலிகளின் வழக்கம். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்னும் முதுமொழி இங்கும் பொருந்தும்.

இத்துணைக் கவனம் கோரும் ஒன்றை எளிய மக்கள் ஏன் கற்க வேண்டும் என்று வினவுவோர் உளர். பிறர் செய்து கொடுத்த பொத்தானை அழுத்துவதோடு நிற்கும் சமுதாயம், பிறர் தன்னை நினைக்கும்வரை காத்திருக்க நேரும். தமிழை எண்ணாமல் எழுதப்பட்ட ஒரு கட்டளையைத் தமிழுக்கு ஏற்பத் திருத்த ஒரு வரி போதுமானதாயிற்று. அந்த ஒரு வரியை எழுத, இலக்கணம் அறிந்தவரும் கருவி அறிந்தவரும் ஒருவராகவே இருந்தால் எத்துணை நன்று! தமிழ்ப் பள்ளியில் புணர்ச்சி விதி கற்கும் மாணவருக்கு அக்கருவியையும் சேர்த்துக் கற்பித்தல் பெரியோர் கடன்.