நாற்பது வளைவு தாண்டினால் மழை!

ஆர்.எஸ்.புரம்வாசிகளுக்கு மழை என்றால் ஒரே அர்த்தம்தான். டி.பி. ரோட்டில் நாலு தூறல் விழும். உடனே, "ஊட்டி மாதிரியே இருக்குதுங்க!" என்று பேக்கரி வாசலில் டீயும் பன்னுமாக ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். டீ ஆறுவதற்குள் மழை நின்றுவிடும்.

என் மாமனாருக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல். வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். தினமும் காலையில் மழைமானியை அளந்து நோட்டில் எழுதுவதும் அவர் டூட்டிதான். ரிட்டயராகி எங்களோடு வந்த பிறகும் பழக்கம் விடவில்லை. மொட்டை மாடியில் ஒரு மழைமானி. முக்கால்வாசி நாள் நோட்டில் 'இல்லை' என்ற ஒரே வார்த்தைதான். "என்ன ஊருங்க மாப்ளெ... அளக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை!"

இருதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரே ஒரு தடவை அந்த மழையைப் பார்த்துட்டு வந்துரலாமுங்களா?" கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. டாக்டரோ, "போகலாம், ஆனா நனையக் கூடாது" என்றார். ஜூலை மாத வால்பாறையில் நனையாமல் இருப்பதா? குற்றாலத்துக்குப் போய்விட்டுத் தலை ஈரமாகக் கூடாது என்பது போலத்தான்!

பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு வரைக்கும் பளீரென்று வெயில். அப்புறம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் இறங்கி அணையைப் பார்த்தோம். அட்டகட்டி தாண்டியதும் மூடுபனி. கவர்க்கல்லில் எனக்குக் காரின் பானெட்டே தெரியவில்லை. மாமா கண்ணாடியை இறக்கி, மூச்சை இழுத்துவிட்டு, "வந்தாச்சுங்" என்றார்.

நூறு கிலோமீட்டர் தூரத்தில் இப்படி ஒரு வித்தியாசம் எப்படி? காரணம் மலைதான். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, சுமையைக் கொட்டிவிடுகிறது. கோவைக்கு வந்து சேர்வது வெறுங்காற்று. அதைத்தான் நாம் 'சிலுசிலு காத்து' என்று பெருமையடித்துக்கொள்கிறோம்! கோவையில் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்தால் அதிகம். வால்பாறையிலோ 3,500 மில்லிமீட்டர் அளவில். சின்னக்கல்லாறு பக்கம் அதற்கும் மேலே.

கெப்பன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி உலகத்துத் தட்பவெப்பங்களை வகை பிரித்தவர். வெப்பமண்டல மழைக்காட்டுக் காலநிலை என்று பட்டம் வாங்க அவர் வைத்த பரீட்சை கடினமானது. எல்லா மாதமும் சராசரி வெப்பம் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது. எல்லா மாதமும் குறைந்தது 60 மில்லிமீட்டர் மழை வேண்டும். சிங்கப்பூர் பாஸ். வால்பாறை ஃபெயில்! ஜனவரி, பிப்ரவரியில் காய்ந்துவிடுகிறதே. ஆனாலும் மற்ற மாதங்களில் கொட்டுவதைக் காடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பசுமை மாறுவதில்லை.

மறுநாள் ஒரு சோலையின் ஓரமாக நடந்தோம். பட்டப்பகலில் சாயங்கால இருட்டு. மேலே இலைகள் கூரை போட்டிருக்கின்றன. மழை நின்ற பிறகும் அரைமணி நேரம் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கிறது. வெடிப்பலா மரத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம். அதை நான் அண்ணாந்து பார்த்த ஐந்து நிமிஷத்தில் என் காலில் அட்டைகள் விருந்து முடித்துவிட்டன. மொத்தம் ஏழு! என் மனைவி போட்ட கூச்சலில் குரங்குகள் இடத்தைக் காலி செய்தன. மாமா நிதானமாக உப்புப் பொட்டலத்தை நீட்டினார். அவர் காலில் ஒன்றுகூட இல்லை. பழைய சிநேகம்!

அங்கேதான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். "இந்த மண்ணு சத்தான மண்ணுன்னு நினைக்காதீங் மாப்ளெ. சத்தெல்லாம் மரத்துலதான் இருக்குது. இலை விழுந்து மக்குனவுடனே வேர் உறிஞ்சிரும். மரத்தை வெட்டுனா மழையே மண்ணை அள்ளிட்டுப் போயிரும்."

1890-களில் கார்வர் மார்ஷ் என்ற துரை இங்கே தோட்டம் போட வந்தார். வழியில் அவருக்குச் சிலைகூட இருக்கிறது. அப்புறம் காடு போய்த் தேயிலை வந்தது. இன்று இந்தப் பீடபூமியில் மழைக்காடு நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகத்தான் மிச்சம். 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலர்கள் இந்தத் துண்டுகளில் காட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள்.

"முப்பது வருஷம் அந்தத் தேயிலைதானுங் எனக்குச் சோறு போட்டுச்சு. குத்தம் சொல்ல வாய் வரலை. ஆனா நான் அளந்த மழை இந்தக் காட்டுக்குச் சொந்தமானது" என்றார் மாமா. நான் ஒன்றும் பேசவில்லை.

மேல் நீராறில் தேங்கும் இந்த மழைதான் சோலையாறு, பரம்பிக்குளம், சர்க்கார்பதி என்று சுற்றித் திருமூர்த்தி அணைக்குப் போய் உடுமலை, பல்லடம் வயல்களில் பாய்கிறது. நம் சிறுவாணியும் மேற்கே இதே மாதிரியான காட்டில் பிறந்து வருவதுதான்.

கிளம்பும் நாள் காலை மாமாவைக் காணோம். தேடினால், கெஸ்ட் ஹவுஸ் பின்புறம் குடைக்கடியில் குனிந்து நிற்கிறார். பெட்டியில் மழைமானியை ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார் மனுஷர்! "நூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டருங்! நம்மூர்ல ரெண்டு மாச மழை!" சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டாக்டரிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஆர்.எஸ்.புரம் திரும்பிய அன்று, என் பையன் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். மாமா எழுந்து போய்க் குழாயை மூடினார்.

"கண்ணு, இது ரொம்பத் தூரத்துல இருந்து வருது!"