ஈஞ்சம்பாக்கமா, கோவளமா?

கடற்கரையில் தனி பங்களா எடுத்து மூன்று நாள் தங்குவது என்றால், "அதெல்லாம் பணக்காரர்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கே.கே. நகரில் இரண்டு படுக்கை அறை ஃபிளாட்டில் குடும்பம் நடத்துகிற எங்களுக்கே இந்த வருஷம் அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. வாய்ப்பு வந்த பிறகுதான், பணம் இருந்தாலும் இடம் பார்ப்பது எத்தனை பாடு என்று தெரிந்தது.

அப்பாவின் தலைத் திவசம் முடிந்த வாரம், சிங்கப்பூரிலிருந்து அக்கா போன் செய்தாள். "தை மாசக் கடைசியிலே வர்றேன். செலவு என்னோடது. அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது கடலோரமா மூணு நாள் இருந்துட்டு வரலாம். நல்ல இடமாப் பாரு" என்றாள்.

அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தம் உண்டு, முழங்கால் வலி உண்டு. அப்பா போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். ஒரு வருஷமாக அவள் வாயிலிருந்து வருகிற பேச்சு, "சாப்பிட்டாச்சு", "மாத்திரை போட்டாச்சு" என்பதோடு சரி. அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்கே சமையல் யார் பண்றது?" இரண்டாவது கேள்வி, "சுனாமி வந்தா?"

இரண்டாவதற்கு என் கணவர் பதில் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று வந்தபோது நமக்கு முன்னெச்சரிக்கை சொல்ல ஏற்பாடு இல்லை. 2007-லிருந்து ஹைதராபாத்தில் அதற்கென்றே ஒரு மையம் இயங்குகிறது என்று விளக்கினார். முதல் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. அதை நான் மனதில் முடிந்து வைத்துக் கொண்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாங்கள் பார்த்தது இரண்டு பக்கங்கள். ஒன்று நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை பக்கம். வேளச்சேரி, திருவான்மியூர் வழியாகப் போனால் எங்கள் வீட்டிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர். மற்றொன்று முட்டுக்காடு தாண்டிக் கோவளம் பக்கம். அது இன்னும் 15 கிலோ மீட்டருக்கு மேலே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு இரண்டையும் நேரில் பார்த்து வந்தோம். படத்தைப் பார்த்து மட்டும் முன்பணம் கட்டாதீர்கள். படத்தில் பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி கேட்காது!

ஈஞ்சம்பாக்கம் என்றாலே பழைய சென்னைவாசிகளுக்குச் சோழமண்டல ஓவியர் கிராமம் ஞாபகம் வரும். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் சேர்ந்து சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே உண்டாக்கியது. இன்று அங்கே தோப்பைவிட மதில்கள்தான் அதிகம். ஆளுயரத்துக்கு மேல் மதில், உள்ளே புல்வெளி, நீச்சல் குளம், மாடியில் குளிர்சாதன அறைகள். பார்த்த வீடு கண்ணைப் பறித்தது. கடையும் டாக்டரும் கூப்பிடு தூரத்தில். ஆனால் படுக்கை அறைகள் அத்தனையும் மாடியில். கடல் தெரிவதும் மொட்டை மாடியிலிருந்துதான். பக்கத்து பங்களாவில் ஏதோ வரவேற்பு. பகல் பன்னிரண்டு மணிக்கே பாட்டு காதைப் பிளந்தது. "சனி, ஞாயிறு அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் காவல்காரர்.

கோவளத்தில் பார்த்தது சின்ன வீடு. ஒரே தளம், நீச்சல் குளம் கிடையாது. கடலைப் பார்த்த ஓர் அறை, அதை ஒட்டி ஒரு தாழ்வாரம். படி ஒன்றே ஒன்று. தாழ்வாரத்தில் நின்றால் மீன்பிடிப் படகுகள் கரையேறுவது தெரிகிறது. கோவளம் பழைய ஊர். ஆற்காட்டு நவாப் காலத்துக் கோட்டை இருந்து, 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்த கதை சரித்திரத்தில் இருக்கிறது. இன்றைக்கும் ஒரு பக்கம் கார்மேல் மாதா கோயில், ஒரு பக்கம் தமீம் அன்சாரி தர்கா, நடுவே மீனவர் குப்பம் என்று ஊர் ஊராகவே இருக்கிறது. அந்தக் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது.

எனக்குக் கோவளம் பிடித்தது. அவருக்குத் தயக்கம். "ராத்திரியிலே அம்மாவுக்கு ஏதாவதுன்னா, நாற்பது கிலோ மீட்டர் வரணுமே?" என்றார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன ராத்திரி எங்கள் இருவருக்கும் மறக்கக் கூடியதல்ல. ஆகவே இதை உணர்ச்சிக்கு விடாமல் விசாரித்தோம். கோவளத்திலிருந்து கேளம்பாக்கத்துக்கு நேர் சாலை இருக்கிறது. ஏழெட்டு கிலோ மீட்டருக்குள் செட்டிநாடு மருத்துவமனை, பெரிய மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ஊருக்குத் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை. தூரம் என்பது நம் வீட்டிலிருந்து அளப்பதல்ல, ஆஸ்பத்திரியிலிருந்து அளப்பது என்று அவரும் ஒப்புக் கொண்டார்.

இடம் பார்க்கும் சகோதரிகளுக்கு நான் விசாரித்த மற்ற விஷயங்களையும் சொல்லி விடுகிறேன்.

முதலில் தண்ணீர். கடலோர மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறி விடும். அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு விடுங்கள்.

அடுத்தது நீச்சல் குளம். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதுதான் பெரிய கண்டம். தண்ணீரில் மூழ்குகிற குழந்தை சினிமாவில் போல் கத்தாது. சத்தமே இல்லாமல் போய்விடும். குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டுகிற கதவும் உண்டா, ஆழம் எத்தனை என்று பாருங்கள். "எல்லோரும் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு நேரத்துக்கு ஒருவர், கையில் போன் இல்லாமல், என்று முறை வைத்துக் கொள்ளுங்கள்.

கடலும் அப்படித்தான். அலை உடைந்து வருகிற இடத்துக்கு நடுவே, அலையே இல்லாமல் அமைதியாக ஒரு பாதை தெரிந்தால் அங்கே இறங்கவே கூடாது. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற இழுப்பு அது. சிக்கினவர்கள் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துத்தான் போவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பை விட்டு வெளியே வரலாம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கணுக்கால் நனைத்துக் கொள்வதோடு நிறுத்திக் கொள்வதே விவேகம்.

விளம்பரங்களில் "தனிக் கடற்கரை" என்று போடுகிறார்கள். வீடு தனியாருடையது, மணல் எல்லோருக்கும் பொது. அங்கே வலை உலர்த்துகிறவரை விரட்ட நமக்கு உரிமை இல்லை. இன்னொன்று: தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமை இரவில் கரையேறி முட்டையிடும் காலம். பொரிக்கிற குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்குப் போகும். தோட்டத்தில் பெரிய விளக்கு எரிந்தால் திசை மாறி வீட்டுப் பக்கம் வந்து சாகும். சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து இராத்திரியெல்லாம் நடந்து இந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். நாம் விளக்கை அணைத்தாலே பெரிய உபகாரம்.

கடைசியாக, அம்மாவின் முதல் கேள்வி. சமையல் யார்? பல பங்களாக்களில் சமையலறை உண்டு, சமைக்க ஆள் கிடையாது. அப்படியானால் நம் வீட்டு அடுப்பைக் கடலோரத்துக்கு மாற்றிக் கொண்டதுதான் மிச்சம். ஆண்களும் குழந்தைகளும் உல்லாசமாக இருப்பார்கள்; நாம் ரசத்துக்குத் தக்காளி தேடிக் கொண்டிருப்போம். கோவளத்தில் உள்ளூர் அம்மா ஒருவர் வந்து சமைத்துக் கொடுப்பார் என்றார்கள். அதையும் வாடகையோடு சேர்த்து எழுதி வாங்கிக் கொண்டோம். எந்த இடமானாலும் ரசீது கேளுங்கள். சுற்றுலாத் துறையில் பதிவான வீடா என்று கேட்பதிலும் தப்பில்லை.

கோவளமே என்று முடிவாயிற்று. நீச்சல் குளம் இல்லை என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டார்கள். மணலில் கிளிஞ்சல் கிடைத்ததும் சரியாகி விட்டது.

கடலைப் பார்த்த அந்த அறையை அம்மாவுக்கே கொடுத்தோம். "தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும்மா, உனக்கு இஷ்டமானப்போ திற" என்றாள் அக்கா. அம்மா அதை ஏதோ விசித்திரம் போலப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தேன். கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, ஐந்து நாத்தனார் கல்யாணம் பார்த்து, எங்களை வளர்த்து, கடைசியில் அப்பாவுக்குப் பணிவிடை செய்து... அவள் கதவைச் சாத்திக் கொண்டு உட்கார்ந்த நாள் ஒன்று உண்டா? அப்பா போன பிறகும் துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குக் காப்பி கலந்தது யார்? அழ வேண்டுமென்றால்கூட எங்கள் ஃபிளாட்டில் அவளுக்குக் குளியலறையைத் தவிர வேறு இடம் ஏது?

முதல் நாள் சாயந்திரம் வரை கதவு சாத்தியே இருந்தது. உள்ளே விசும்பல் கேட்டது. நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இருட்டின பிறகு அம்மா தானாக வெளியே வந்து, "பசிக்குது" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

மறுநாள் விடியற்காலை தாழ்வாரத்தில் உட்கார்ந்து, மீன் கூடையோடு வந்த பெண்ணிடம் சங்கராவுக்கு விலை பேசிக் கொண்டிருந்தாள். பேச்சு மீனிலிருந்து பிள்ளை குட்டிகளுக்குப் போய், அந்தப் பெண்ணின் புருஷனுக்குப் போய், அப்பாவுக்கும் வந்தது. "அவருக்கு மீனுன்னா முள்ளு இருக்கக் கூடாது" என்று சிரித்தாள் அம்மா.

சொகுசு என்பது குளமும் பளிங்குத் தரையும் மட்டுமல்ல. தனிமை வேண்டும்போது சாத்திக் கொள்ளவும், மனுஷர் வேண்டும்போது திறந்து கொள்ளவும் கதவு நம் கையில் இருப்பதுதான். அதற்குக் கோவளம்தான் போக வேண்டும் என்பதில்லை. ஊர் திரும்பியதிலிருந்து எங்கள் வீட்டில் சாயந்திரம் நாலிலிருந்து ஐந்து வரை ஓர் அறை அம்மாவுடையது. யாரும் தட்டுவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதவு யாருக்கு வேண்டியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.