சந்தா

2021-ஆம் ஆண்டுத் தைத் திங்களில் என் மகன் இரண்டு சீட்டுகளை என் முன் வைத்தான். நான் வரவழைத்துவந்த மோட்டார் சைக்கிள் இதழ்கள் இரண்டின் ஆண்டுச் சந்தா முடிவுற்றதென அவை அறிவித்தன. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று தமிழ். "அப்பா, இனி இவை வேண்டா. எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே" என்றான்.

தமிழ்ப் பண்டிதனுக்கும் மோட்டார் சைக்கிள் இதழுக்கும் யாது தொடர்பு என நீங்கள் வினவலாம். பணியில் அமர்ந்த புதிதில் டி.வி.எஸ். 50 வண்டியொன்றில் பள்ளிக்குச் சென்றுவந்தேன். புதுச்சேரியின் உப்புக் காற்று அதனை விரைவில் துருவுக்கு இரையாக்கிற்று. கடற்கரைச் சாலையில் அது நில்லாத நாளில்லை. நிற்பதன் காரணத்தை அறியும் பொருட்டே அவ்விதழ்களைப் புரட்டத் தொடங்கினேன். நன்னூல் பயின்ற எனக்குப் பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் புணரும் முறை புதியதோர் இலக்கணமாகத் தோன்றிற்று. அந்நாளில் அவை ஆங்கிலத்திலேயே வந்தன. 2007-இல் 'மோட்டார் விகடன்' வெளிவந்தபோது, எஞ்சினைப் பற்றித் தமிழில் மாதந்தோறும் படிக்கலாம் என்று மகிழ்ந்தோருள் நானும் ஒருவன்.

மகன் கூற்றில் பிழையில்லை. புதிய வண்டி வந்த அன்றே அதன் குறை நிறைகளைக் கைப்பேசி காட்டிவிடுகிறது. இதழோ ஒரு திங்கள் கழித்தே கூறுகிறது. அமெரிக்காவில் 1912-இல் தோன்றிய 'மோட்டார்சைக்கிளிஸ்ட்' என்னும் இதழே 2019-இல் அச்சிடுதலை நிறுத்திவிட்டது. விளம்பரம் தருவோரின் வண்டியை இதழ்கள் சற்று மிகையாகப் புகழ்வதும் உண்டு. (கைப்பேசியில் பேசுவோர் மட்டும் தூயவரோ?)

ஆயினும் என் உள்ளம் உடன்படவில்லை. எங்கள் வீதி முனையில் மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நான் படித்து முடித்த தமிழ் இதழ் அவரிடமே செல்லும். 125 சி.சி.-க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். என்னும் பிரேக் அமைப்பு 2019-இல் கட்டாயமாயிற்று. அத்தகைய வண்டிகளைத் தொடவே அவர் அஞ்சினார். வேறு கடைக்குச் செல்லுமாறு கூறி வந்தவரைத் திருப்பியனுப்பியதை நானே கண்டேன். பின்னர் ஓர் இதழில் அவ்வமைப்பின் விளக்கம் படத்துடன் வந்தது. அப்பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

"ஐயா, உணரி என்று போட்டிருக்கிறதே, அது என்ன?" என்று ஒரு நாள் கேட்டார்.

"உணர்வது உணரி. சக்கரம் சுழலாமல் இறுகப்போவதை அஃது உணர்ந்து சொல்லும், உடனே பிரேக்கின் அழுத்தம் சற்றுத் தளர்ந்து, மீண்டும் இறுகும்" என்றேன்.

"சென்சார் என்று சொன்னால் போதுமே!" என்று நகைத்தார். நாற்பதாண்டுத் தமிழாசிரியன் அன்று அவரிடம் தோற்றேன்.

"கைப்பேசியில் இதனைப் பார்க்கலாகாதோ?" என்றேன். "கை முழுதும் கிரீசாக இருக்கிறதே, ஐயா. அதில் ஒன்றைப் பார்ப்பதற்குள் வேறொன்று வந்துவிடுகிறது. இந்தத் தாள் போட்ட இடத்திலேயே இருக்கிறது" என்றார். நாளடைவில் அத்தாளின் ஓரமெல்லாம் அவர் விரலடையாளங்கள் படிந்தன. வந்தவரைத் திருப்பியனுப்புவதும் நின்றது.

புதுச்சேரியில் வாழ்வோர்க்கு ஏடு நின்ற கதை புதிதன்று. சென்னையிலிருந்து 1908-இல் இங்கு வந்த பாரதியாரின் 'இந்தியா' வார ஏடு 1910-இல் நின்றது. எழுதும் கை ஓயவில்லை; ஆங்கிலேயர் ஆட்சி தன் எல்லைக்குள் அவ்வேட்டை நுழையவிடவில்லை. படிப்போரைச் சேராத ஏடு எத்தனை நாள் வாழும்? இன்று தடுப்பார் எவருமிலர். நாமே வேண்டா என்கிறோம்.

மகனிடம் ஆங்கில இதழை விட்டுவிடச் சொன்னேன். அதனை நான் பிரித்தே ஓராண்டாயிற்று என்பது அவனுக்கும் தெரியும். தமிழ் இதழுக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஓராண்டுச் சந்தா செலுத்துமாறு கூறினேன். அவன் சிரித்துக்கொண்டே அப்பணத்தைக் கைப்பேசியிலேயே செலுத்தினான்.

அடுத்த இதழ் மழைத்தூறலில் நனைந்து வந்து சேர்ந்தது. திண்ணையில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தேன். காயுமுன்னரே மெக்கானிக் கடைச் சிறுவன் வாயிலில் வந்து நின்றான்.