மஸ்ஜித் பந்தரில் ஒரு விருந்து

மும்பை சென்றவர்கள் 'மஸ்ஜித்' என்னும் ரயில் நிலையத்தைக் கண்டிருப்பீர்கள். அப்பெயர், அருகே சாமுவேல் தெருவில் உள்ள யூத ஆலயத்தால் வந்தது என்பர். மராத்தி பேசும் 'பெனே இஸ்ரேல்' யூதர்கள் தம் ஆலயத்தை மஸ்ஜித் என்றே அழைத்து வந்தனர்.

1796-இல் அதை நிறுவிய சாமுவேல் திவேகர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலிருந்து திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டவர். "குர்ஆன் கூறும் பனீ இஸ்ராயீல் சமூகத்தார் இவர், கொல்ல வேண்டா" எனச் சுல்தானின் தாயார் பரிந்து பேசியதாக அச்சமூகத்தார் வழிவழியாகச் சொல்கின்றனர்.

அங்கு என்னை அழைத்துச் சென்றவர், அப்பகுதியில் உலர்பழ வியாபாரம் செய்யும் என் மச்சான். யூதப் பெரியவர் ஒருவர் 5 கிலோ கறுப்பு உலர்திராட்சை கேட்டிருந்தார். அவர் பேரனுக்கு வயது 13 நிறைகிறது. அதனை 'பார் மிட்ஸ்வா' என்கின்றனர். 'கட்டளையின் மைந்தன்' என்பது பொருள். நம் பிள்ளைகள் பாலிகானதும் தொழுகையும் நோன்பும் கடமையாவது போல, அன்று முதல் தவ்ராத்தின் கட்டளைகள் அச்சிறுவனுக்குக் கடமை. சபைமுன் அவன் தவ்ராத்தை ஓதுவான், பின்னர் விருந்து.

பெரியவர் ஆலய முற்றத்தில் அமர்ந்து விருந்துக் கணக்குப் போட்டார். சனிக்கிழமை அடுப்பு மூட்டலாகாது. வியாழனும் தவ்ராத் ஓதும் நாளாதலின் அதையே தேர்ந்தார். ஆட்டை அவர்களுடைய மார்க்க முறை அறிந்தவரே அறுக்க வேண்டும்; இறைச்சியை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பிட்டு, இரத்தம் போக்கியே சமைப்பர். மீனுக்குச் செதிலும் துடுப்பும் வேண்டும். நாம் விரும்பும் இறாலுக்கு இடமில்லை. இறைச்சி விருந்தில் பால் சேரலாகாது. ஆதலின் குழம்புக்கும் அல்வாவுக்கும் தேங்காய்ப்பால்.

"எத்தனை பேருக்குச் சமையல்?" என்றார் மச்சான்.

"எங்களவர் பெரும்பாலோர் 1948-க்குப் பின் இஸ்ரேல் போய்விட்டனர், சேட். ஓதும்போது பத்து ஆண்கள் இருந்தாக வேண்டும். அதற்கே வீடு வீடாகச் சொல்லி வருகிறேன். விருந்துக்கு அக்கணக்கு இல்லை, தெருவே வரட்டும். மௌலவி சாஹிப், நீங்களும் வாருங்கள்."

நான் தயங்கினேன். பாலஸ்தீனச் செய்திகளால் புண்பட்ட மனம் ஒரு காரணம். அவர்கள் விருந்தில் திராட்சை மதுவின்மீது ஆசி கூறுவர் எனப் படித்திருந்தது மற்றொன்று. இரண்டாவதை மட்டும் மெல்லச் சொன்னேன். பெரியவர் சிரித்தார்.

"இந்தத் திராட்சை எதற்கென்று எண்ணினீர்கள்? ஊறவைத்துப் பிழிந்த சர்பத்தின்மீதே நாங்கள் ஆசி கூறுவோம். பாட்டன்மார் கால வழக்கம்."

நான் வெட்கினேன். வேதம் வழங்கப்பட்டோரின் உணவு நமக்கு ஆகுமானது என்னும் அனுமதி 'மாயிதா' அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்தில் உள்ளது. அதை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் நடத்துபவன் நான். ஒருவர் மனமுவந்து அழைத்தபோது அப்பாடம் என் நினைவுக்கே வரவில்லை!

வியாழன் காலை சென்றோம். ஒன்பது ஆண்கள் கூடியிருந்தனர். பெரியவரின் கண் வாயிலிலேயே இருந்தது. சிறுவன் வியர்த்து நின்றான். நாங்கள் இருவர் இருந்தும் அந்தக் கணக்கில் சேர இயலாது. நெடுநேரத்திற்குப் பின், தடியூன்றி ஒரு முதியவர் படியேறினார். பெரியவர் முகம் மலர்ந்தது. சிறுவன் ஓதத் தொடங்கினான்.

பின்னர் விருந்தில் என் கையில் முதல் சர்பத் குவளையைத் தந்தவன் அச்சிறுவனே. 'பிஸ்மில்லாஹ்' கூறிப் பருகினேன்.

வாசகர்களே! உங்கள் அண்டை வீட்டார் அழைத்தால் ஹலாலை விசாரியுங்கள். அது நம் கடமை. விசாரித்து அறிந்தபின் தயங்காதீர்கள்.