பெயர் கேட்கும் வீடுகள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெட்ரோவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவரிடமிருந்து அத்தர் வாசனை எழுந்தது, காது மடலில் செருகியிருந்த பஞ்சு கூடத் தெரிந்தது, எதிரே இருந்த பெண் அவருடைய தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டுக் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள், அவர் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குளிரூட்டிய பெட்டிக்குள் எதற்கும் ஒரு மணம் கிடையாது, அத்தர் மட்டும் என்னை இழுத்துக்கொண்டுபோய்க் கோவை ஒப்பணக்காரத் தெருவில் நிறுத்தியது.

அங்கே அத்தர் வியாபாரிகள் கட்டிய பள்ளிவாசல், மஃரிபு தொழுகை முடிகிற நேரம், தெருவிளக்குகள் மஞ்சளாக எரியத் தொடங்கியிருக்கும், அம்மாயி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பித்தளைச் சொம்பில் தண்ணீரோடு, இன்னும் பல பெண்களுக்கு நடுவே நிற்பாள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு குழந்தையின் நெற்றியிலும் ஊதிக்கொண்டே வருவார்கள், "ஏனுங் பாய், ராத்திரியெல்லாம் வீல்னு கத்தறானுங், நல்லா ஓதி விடுங்" என்பாள், அவர் சொம்புத் தண்ணீரிலும் ஓதி ஊதுவார், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து முருகன் படத்தடியில் வைத்து, தம்பிக்குத் திருநீறு பூசிவிட்டுத்தான் குடிக்கத் தருவாள். 'பாவ மன்னிப்பு' எங்கே ஓடினாலும் போய்விடுவாள், ரஹீமாக வரும் சிவாஜியைத் தன் பிள்ளையைப் போலப் பேசுவாள்.

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா பொடி மட்டையைத் தட்டிக்கொண்டே சீறாப்புராணம் நடத்துவார், வேடனிடம் சிக்கிய மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சும், நபிகள் நாயகம் தாமே பிணை நிற்பார், சொன்ன சொல் தவறாமல் மான் குட்டியோடு திரும்பி வருகிற இடத்தில் அய்யாவுக்குக் குரல் கம்மிவிடும், மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார், உமறுப் புலவரைக் கம்பரோடு சேர்த்தே பேசுவார். மத்தியானத் தூக்கம் கலைந்து வகுப்பே அந்த மானுக்காகக் காத்திருக்கும்.

பிறகு 1997 நவம்பர் கடைசியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார், தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள், கடைகள் எரிந்தன, 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் கொண்டுபோயின. குண்டு வைத்தவர்கள் மேல் வந்த கோபம் நியாயம்தான், ஆனால் கோவையில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் முளைத்து, பால் வாங்கப் போன கிழவர் கூடப் பையைத் திறந்து காட்ட நேர்ந்ததும், கோட்டைமேடு என்று முகவரி எழுதினால் வேலையும் கடனும் நழுவிப்போனதும் யார் செய்த குற்றத்துக்கு? படத்துக்குப் படம் தாடி வைத்தவன் துப்பாக்கியோடு வரத் தொடங்கியிருந்த காலம் வேறு. தெரியாதவன் பயந்தால் சொல்லிப் புரியவைத்துவிடலாம், எங்கள் தெருவில் பயந்தவர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள், ஊதிவிட்ட தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். ஊர் அடங்கிய கையோடு அம்மாயி, அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், மாமாதான் கதவைச் சாத்தித் தடுத்தார், "உங்களுக்கெல்லாம் என்னடா ஆச்சு" என்றவள் அன்று இரவு சாப்பிடவில்லை.

இப்போது சென்னையில், என் அலுவலகத்துப் பையன் ஒருவன், மேலப்பாளையத்துக்காரன், கல்யாணமாகி வீடு தேடினான், புரோக்கர்கள் முதலில் சைவமா அசைவமா என்பார்கள், அடுத்து பெயரைக் கேட்பார்கள், அதோடு அந்த வீடு "நேத்தே முடிஞ்சிருச்சு" என்றாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டு மாடி காலியாக இருந்தது, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நாகூர் தர்காவில், மராத்திய மன்னர் பிரதாப்சிங் கட்டிய பெரிய மினாராவின் அடியில்தான் தனக்கு முதல் மொட்டை என்று பெருமையாகச் சொல்பவர், நானும் அக்ரிமென்டில் கையெழுத்துப் போடுகிறேன், எது நடந்தாலும் என்னைக் கேளுங்கள் என்றேன். "உங்களுக்குன்னா இன்னிக்கே சாவி தரேன் சார், அவங்களுக்கு வேணாமே, மத்த குடித்தனக்காரங்க ஒரு மாதிரி பேசுவாங்க" என்றார், பேசுகிறவர்கள் யார் என்று கேட்டதற்குக் காபி கொண்டுவரச் சொன்னார்.

பையன் கடைசியில் மண்ணடியில் வாடகை கூடுதலாகக் கொடுத்து ஒரு வீட்டில் குடியேறினான், அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறி வருகிறான். அந்த வீட்டுக்காரரை மறுபடி பார்த்தபோது அவரே பேச்செடுத்தார், "பாத்தீங்களா சார், அவங்க ஆளுங்க இருக்கிற இடத்துக்குத்தானே போறாங்க, நம்மளோட சேரவே மாட்டேங்கறாங்க" என்றார், பத்து மாத அட்வான்ஸை உறையில் வைத்துக்கொண்டு இதே மாடிப்படியில் அவனும் அவன் மனைவியும் நின்றிருந்ததை நான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.