வை: ஒரு வேளாண் கல்லூரி இருந்த ஊர்

லண்டனிலிருந்து தென்கிழக்கே கென்ட் மாவட்டத்துக்குள் ஓடும் ரயில் பாதையில், ஆஷ்ஃபோர்டைத் தாண்டி கேன்டர்பரி பக்கம் திரும்பியதும் வரும் முதல் ஊர் வை. ரயில் நிலையத்தை ஒட்டியே லெவல் கிராசிங். அதைக் கடந்தால் கிரேட் ஸ்டவர் ஆற்றுப் பாலம். பாலத்தோரம் ‘டிக்கிள்டு டிரவுட்’ என்ற மதுக்கூடம். அங்கிருந்து பிரிட்ஜ் தெரு மெல்ல மேடேறித் தேவாலயத்தை நோக்கிப் போகிறது. நடந்தே சுற்றிவிடக்கூடிய இந்தச் சிற்றூரில் 1894 முதல் 2009 வரை ஒரு வேளாண் கல்லூரி இருந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் மண்ணோடு வேலை செய்த பல தலைமுறையினருக்கு இங்கிலாந்து என்றால் நினைவுக்கு வந்தது லண்டன் அல்ல, இந்தத் தெருதான்.

தேவாலயம் அதன் அகலத்துக்குப் பொருந்தாமல் குட்டையாக நிற்கிறது. 1686-இல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்து கிழக்குப் பகுதியை நொறுக்கியது. பிறகு சிறிய அளவிலேயே அதைக் கட்டி முடித்தார்கள். அதன் பக்கத்திலேயே பழைய கல்லூரிக் கட்டடம். 1447-இல் அதை நிறுவிய ஜான் கெம்ப் இந்தப் பக்கத்துக்காரர்; ஊருக்கு அருகே ஒலன்டீ என்ற பண்ணை வீட்டில் பிறந்து, யார்க்கின் பேராயராகி, பின்னர் கேன்டர்பரியின் பேராயராகவும் உயர்ந்தவர். பாதிரிமார் கூடி வாழ்ந்து வழிபாடு நடத்தவும், ஊர்ப் பிள்ளைகளுக்கு இலத்தீன் கற்பிக்கவும் அவர் அந்த இடத்தை ஏற்படுத்தினார். எட்டாம் ஹென்றி காலத்தில், 1545-இல், அது கலைக்கப்பட்டது. பள்ளி மட்டும் ஏதோ ஒரு வடிவில் நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது.

வேளாண் கல்லூரி பிறந்த கதை பணத்திலிருந்து தொடங்குகிறது. 1890-இல் மதுபானத் தீர்வையில் ஒரு பங்கு மாவட்டக் கவுன்சில்களுக்குத் தொழிற்கல்விக்காகக் கிடைத்தது. கென்ட்டும் அடுத்த மாவட்டமான சர்ரேயும் சேர்ந்து, வையின் பழைய கட்டடத்தில் தென்கிழக்கு வேளாண் கல்லூரியைத் தொடங்கின. பழத்தோட்டங்களும், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களும் ஆட்டுமந்தைகளும் நிறைந்த நிலப்பகுதிக்கு நடுவே அந்தக் கல்லூரி அமைந்தது. மாணவர் காலையில் வகுப்பில் கேட்டதை மாலையில் வயலில் பார்த்துக்கொள்ளலாம். இந்த நெருக்கமே வையின் பலம்.

முதல் முதல்வர் ஆல்ஃபிரட் டேனியல் ஹால். 1902-இல் அவர் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் தலைமைக்குப் போனார். 1901 முதல் வையில் கற்பித்த எட்வர்ட் ஜான் ரஸ்ஸல் 1907-இல் அவரைத் தொடர்ந்து அங்கே சென்று, 1912-இல் அவருக்குப் பின் தலைவரும் ஆனார். இருவரும் சேர்ந்து கென்ட், சர்ரே, சசெக்ஸ் மாவட்டங்களின் மண்ணையும் விவசாயத்தையும் பற்றி 1911-இல் வெளியிட்ட அறிக்கை, ஊர் ஊராக நடந்து மண்ணை எடுத்துப் பார்த்தவர்களின் வேலை. உலகம் முழுவதும் மண்ணியல் மாணவர்கள் படித்த ரஸ்ஸலின் பாடநூலுக்கு வையின் வயல்களில் கழித்த ஆண்டுகளும் ஓர் அடித்தளம்.

இந்திய வாசகருக்கு இன்னும் நெருங்கிய பெயர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1903 முதல் 1905 வரை வையில் தாவரவியலாளராக இருந்தவர் அவர். அப்போது கென்ட்டில் ஹாப்ஸ் பயிரிட்டவர்களிடம் ஆண் கொடிகளை நீக்கிவிடும் வழக்கம் இருந்தது; அறுவடைக்கு வேண்டிய கூம்புகள் பெண் கொடியில்தானே காய்க்கின்றன! ஆண் கொடிகளைத் திரும்ப நட்டு மகரந்தச் சேர்க்கை நடக்கவிட்டால் கூம்புகள் பெரிதாகின்றன, சீக்கிரம் முற்றுகின்றன, நோயையும் தாங்குகின்றன என்று ஹோவர்ட் காட்டினார். செடியின் இயல்பான வாழ்வைக் குலைத்துவிட்டு அதை நோயிலிருந்து காக்க முயல்வது வீண் என்ற அவருடைய பிற்காலக் கொள்கையின் விதை இங்கேயே தெரிகிறது. 1905-இல் பீகாரின் பூசா வேளாண் ஆய்வு நிலையத்துக்கு வந்தார். 1924-க்குப் பின் இந்தூரில் உழவர்களின் பழக்கங்களைக் கவனித்து, சாணமும் செத்தையும் மண்ணும் அடுக்கி மட்கவைக்கும் முறையை வகுத்தார். இன்று தமிழ்நாட்டு இயற்கை வேளாண் பயிற்சிகளில் இந்தூர் முறை என்று சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

பழைய கல்லூரிக் கட்டடத்தின் உள்ளே சிறிய நாற்புற முற்றம், கெம்ப் காலத்து மண்டபம், பதினேழாம் நூற்றாண்டின் மரப் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் கைப்பிடித் தூண்களில் பழங்காலப் பிரித்தானியரின் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கிராமத்துப் பண்ணையில் ஓராண்டு வேலை செய்துவிட்டு முரட்டுக் காலணியோடு வந்த இளைஞர்கள் இப்படிப்பட்ட கட்டடத்தில் பாடம் கேட்டார்கள். பழைய மாணவர்களின் பேச்சில் ஆய்வகத்துக்குச் சமமாக இந்த முற்றமும் மண்டபத்துச் சாப்பாடும் வருகின்றன. ஊர் சிறியது, கல்லூரியும் சிறியது. ஆசிரியரும் மாணவரும் கடைக்காரரும் ஒரே தெருவில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தார்கள். பீகிள் நாய்களை வைத்துக்கொண்டு வயல்களில் ஓடும் குழுவும் மாணவர்களிடம் இருந்தது. பெரிய பல்கலைக்கழகத்தின் கூட்டத்தில் கிடைக்காத நெருக்கம் அது. பிற்காலத்தில் ஊரைச் சுற்றிய நிலத்தில் கட்டுமானத் திட்டம் வந்தபோது அவர்கள் ஆவேசமாகப் போராடியதன் காரணமும் அதுவே.

பெண்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தது இரண்டாம் உலகப் போரை ஒட்டி. கென்ட்டின் இன்னொரு மூலையில் 1889-இல் தொடங்கிய ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கு மட்டுமான நிறுவனமாக மாறியிருந்தது. 1896-இல் கியூ தாவரவியல் பூங்காவில் முதன்முதலாகத் தோட்ட வேலைக்கு எடுக்கப்பட்ட பெண்கள் ஸ்வான்லியில் படித்தவர்கள். ஆண்களைப் போலவே முழங்கால் வரையிலான கால்சட்டை அணிந்து வேலை செய்ய அவர்களுக்கு உத்தரவு. அது நாளிதழ்களுக்குப் பெரிய வேடிக்கையாயிற்று. போரில் ஸ்வான்லி குண்டுவீச்சுக்கு இலக்கானது. 1945-இல் அது வையுடன் இணைந்தது; 1948-இல் அரச சாசனத்துடன் ‘வை கல்லூரி’ என்ற பெயர் நிலைத்தது. பழைய மாணவர் சங்கத்தின் இதழ் ‘அக்ரிகோலா கிளப்’, ‘ஸ்வான்லி கில்டு’ என்ற இரு பெயர்களையும் தாங்கி வெளிவந்தது. இணைப்பில் மறைந்துபோன நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றிய இந்தப் பண்பு பாராட்டத்தக்கது.

வையின் பெயரை உலகம் முழுவதும் கொண்டுபோனது ஹாப்ஸ். கென்ட்டில் அதை உயரமான கம்பங்களிலும் கம்பிகளிலும் ஏற்றி வளர்ப்பார்கள். செப்டம்பரில் கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்கிக் கூம்பு பறித்தார்கள். இயந்திரங்கள் வந்து 1960-களில் அந்த வழக்கம் ஓய்ந்தது. பறித்த கூம்பை உலர்த்தக் கட்டிய, வெள்ளைக் குல்லாய் வைத்த கூம்புக் கூரைச் சூளைகள் இன்றும் சாலையோரங்களில் நிற்கின்றன. பல இப்போது வீடுகள்.

1906-இல் வைக்கு வந்த எர்னஸ்ட் ஸ்டான்லி சால்மன் இந்தக் கொடியைக் கலப்பினம் செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தார். 1916-இல் கனடாவின் மனிட்டோபா மாகாணத்தில் மார்டன் என்ற இடத்திலிருந்து ஒரு காட்டுக் கொடியின் துண்டு அவருக்கு வந்தது. அந்தச் செடி வையில் நெடுநாள் பிழைக்கவில்லை. ஆனால் அதற்குள் விதை கொடுத்துவிட்டது. அந்த விதைகளில் முளைத்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்ததே 1934-இல் வெளிவந்த ‘ப்ரூவர்ஸ் கோல்டு’, பிறகு ‘புல்லியன்’. அதுவரை ஐரோப்பியக் கொடிகளில் இல்லாத அளவு கசப்புப் பிசின் இவற்றில் இருந்தது. இவற்றின் மணம் முரட்டுத்தனமானது என்று பிரிட்டிஷ் மதுவடிப்பாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் குறைந்த ஹாப்ஸில் நிறையக் கசப்பு என்ற கணக்கை யாராலும் நெடுநாள் மறுக்க முடியவில்லை. அமெரிக்காவின் ‘கலீனா’, ‘நக்கெட்’ போன்ற ரகங்களின் வம்சாவளியைத் தேடிப் போனால் வையின் இந்தத் தோட்டத்துக்குத்தான் வந்து சேரவேண்டும். சால்மனுக்குப் பின் ரே நீவ், பீட்டர் டார்பி ஆகியோர் பணியைத் தொடர்ந்தார்கள். மண்ணிலிருந்து பரவும் வாடல் நோய் கென்ட்டின் தோட்டங்களை அழித்தபோது அதைத் தாங்கி நின்ற ‘வை டார்கெட்’ வையில் உருவானது. உயரமாக ஏறாத குட்டை ரகமான ‘ஃபர்ஸ்ட் கோல்டு’ 1990-களில் வந்தது. ஏணியும் உயரக் கம்பமும் இல்லாமலே பறிக்கலாம்.

வேறு துறைகளிலும் வையின் வேலை வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. வேதியியல் பேராசிரியர் ரால்ஃப் லூயிஸ் வெய்ன் 1950-களில் கண்டுபிடித்த களைக்கொல்லிகள் சாமர்த்தியமானவை. தெளிக்கும்போது அவை நஞ்சல்ல; களைச்செடி தன் உடலுக்குள் அவற்றைச் சிதைக்கும்போது நஞ்சாகின்றன. தீவனப்புல் நடுவே வளரும் குளோவரிடம் அந்த மாற்றத்தைச் செய்யும் திறன் குறைவு. அதனால் அது தப்பிவிடுகிறது. ஜான் நிக்ஸ் 1966-இல் தொகுத்த பண்ணை மேலாண்மைக் கையேடு இன்னும் ஆண்டுதோறும் வருகிறது. பிரிட்டிஷ் விவசாயிகளும் வங்கிக்காரர்களும் அதை வெறுமனே ‘நிக்ஸ்’ என்பார்கள். தற்சார்பு வாழ்வைப் பற்றி 1976-இல் புகழ்பெற்ற நூல் எழுதிய ஜான் சீமோரும் இங்கே படித்தவர். தரைவழியாக இந்தியாவுக்குப் பயணம் செய்து அதைப் பற்றி 1951-இல் ஒரு நூலும் எழுதினார்.

ஊரின் கிழக்கே சுண்ணாம்புக் குன்றுகள் எழுகின்றன. நார்த் டவுன்ஸ் நடைபாதை வையைக் கடந்து வயல்களின் ஊடாக அந்தச் சரிவில் ஏறுகிறது. பசும்புல்லில் வெள்ளையாகத் தெரியும் ஒரு கிரீடம் அங்கே உண்டு. ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்காக 1902-இல் கல்லூரி மாணவர்கள் புல்லைச் சீவி, அடியிலிருந்த சுண்ணாம்பை வெளிக்காட்டி அதை அமைத்தார்கள். மன்னரின் உடல்நலக் குறைவால் முடிசூட்டு ஜூனிலிருந்து ஆகஸ்ட் மாதத்துக்குத் தள்ளிப்போன ஆண்டு அது. இப்படிப்பட்ட உருவத்தைப் பராமரிக்காவிட்டால் புல் சில ஆண்டுகளில் மூடிவிடும். மேலே நின்றால் ஆஷ்ஃபோர்டும் அதற்கப்பால் ராம்னி சதுப்புச் சமவெளியும் தெரிகின்றன. சற்றுத் தெற்கே ‘டெவில்ஸ் நீடிங் ட்ரஃப்’, அதாவது பிசாசு மாவு பிசையும் தொட்டி என்று ஊரார் பெயரிட்ட செங்குத்தான பள்ளத்தாக்கு. கடைசிப் பனியுகத்தின் முடிவில் உறைந்தும் உருகியும் சரிந்த சுண்ணாம்பு மண் அதைச் செதுக்கியது. சுற்றிலும் தேசிய இயற்கைக் காப்பகம். கோடையில் காட்டு ஆர்க்கிட் மலர்கள் பூக்கும். கல்லூரியின் தாவரவியல் மாணவர்களுக்கு இந்தச் சரிவே வகுப்பறையாக இருந்தது.

குன்றடியில் ப்ரூக் என்ற சிற்றூர். கேன்டர்பரித் துறவிகள் பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய பெரிய தானியக் களஞ்சியம் அங்கே வேளாண் அருங்காட்சியகமாக இருக்கிறது. பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஹாப்ஸ் சூளை. டிராக்டர் வந்து குதிரைக் கலப்பைகள் குப்பைக்குப் போன காலத்தில், அவற்றைச் சேகரித்துக் காத்தது வை கல்லூரி. வைக்கு வருபவர் இதைப் பார்க்காமல் போகக் கூடாது.

கல்லூரியின் முடிவு விரைவாக வந்தது. 2000-இல் அது லண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் இணைக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே விவசாயப் படிப்புகள் நிறுத்தப்பட்டன. 2005 டிசம்பரில், ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும் அறிவியல் வளாகம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பணம் திரட்ட ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டும் எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது பின்னர் வெளிப்பட்டது. நிலமோ இயற்கை எழிலுக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் ஆவணங்களைத் தோண்டி எடுத்துக் கேள்வி கேட்டார்கள். 2006 செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. குன்றும் வயலும் தப்பின, கல்லூரி தப்பவில்லை. உலகம் உணவையும் மண்ணையும் பற்றி மீண்டும் கவலைப்படத் தொடங்கிய அதே நேரத்தில், நூறாண்டு கடந்த ஒரு வேளாண் கல்லூரியைக் கைவிட்டது பெரும் பிழை. பல நாடுகளின் அலுவலர்கள் ஊரிலிருந்தபடியே படித்த அஞ்சல்வழிப் படிப்பு 2007-இல் லண்டனின் சோயாஸ் நிறுவனத்துக்கு மாறியது. 2009-இல் கடைசி மாணவர்களும் வெளியேறினார்கள்.

மூடிய கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குப் புதிய உறுப்பினர்கள் வர வழியில்லை. ஆனாலும் அக்ரிகோலா கிளப் கலையவில்லை. கூடல்களுக்கு வருகிறவர்கள் இன்றும் இதே ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். அவர்கள் கல்லூரியின் ஆவணங்களையும் படங்களையும் திரட்டுவதில் காட்டும் அக்கறைக்கு அவசரமும் உண்டு: நேரில் பார்த்தவர்கள் சொல்லி எழுதிவைக்க வேண்டியவை ஏராளம்.

இன்று கெம்ப் பெயர் தாங்கிய கட்டடத்தில் 2013 முதல் வை பள்ளி நடக்கிறது. பழைய வளாகத்தை 2015-இல் தனியார் நிறுவனமொன்று வாங்கியது. அதைக் குடியிருப்பாக மாற்றுவது பற்றி ஊரில் நெடுநாள் விவாதம் நடந்தது. ஹாப்ஸ் ஆய்வு நிலையமும் மூடப்பட்டுவிட்டது. இனப்பெருக்கப் பணியை ‘வை ஹாப்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் கேன்டர்பரி அருகே தொடர்ந்தது. சால்மன் காலத்து ரகங்களைக் காண விரும்புபவர் வடக்கே ஃபேவர்ஷம் ஊருக்குப் போகவேண்டும். அங்கே குயின் கோர்ட் பண்ணையில் தேசிய ஹாப்ஸ் தொகுப்பு வளர்கிறது. செல்ல உகந்த காலம் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும். கூம்புகள் முற்றி அறுவடைக்குத் தயாராக இருக்கும்.