எந்த மேலிடம்?

நாவலை முடிக்க முடியாமல் திண்டாடும் எழுத்தாளனுக்கு நண்பர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்லுகிறார்கள். "எங்கேயாவது மலைக்குப் போய்விட்டு வாருமே!" என்கிறார்கள். மலைக்குப் போனால் கதாநாயகிக்கு எப்படி விவாகம் நடக்கும் என்று நான் கேட்பதில்லை. யாராவது ரயில் டிக்கெட்டுக்கு ஒரு நியாயம் கற்பித்துக் கொடுத்தால் மறுக்கக்கூடாது என்பது என் கொள்கை.

அப்படித்தான் 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜவ்வாது மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பஸ். வளைவுக்கு வளைவு வெயில் குறைந்துகொண்டே வந்தது. மேலே ஏறியதும் சரிவுகளில் சாமைப் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேசுவது தமிழ்தான். மலையில் வாழ்வதால் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாக ஒரு கதை சொல்லுகிறார்கள்.

இதே மலைத் தொடரில்தான் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு பெயரால் விளங்கும் வானியல் ஆய்வுக்கூடத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை 1986-இல் திறந்து வைத்தார்கள். இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த கருவி. கோடானு கோடி மைலுக்கு அப்பால் உள்ள நட்சத்திரக் கூட்டம் அதில் தெரியுமாம். அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் புறப்பட்டேன். ஆனால் நான் பார்த்தது வேறு.

எனக்கு இடம் கொடுத்திருந்த நண்பர், ஆகஸ்டு 15-ஆம் தேதி காலையில், "கிராம சபை கூடுகிறது, வருகிறீர்களா? கதைக்கு உதவும்" என்றார். கதைக்கு உதவும் என்றால் எமலோகத்துக்குக் கூடப் போகத் தயாராயிருக்கும் ஜாதி அல்லவா நாங்கள்? கிளம்பிவிட்டேன். ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் நாளையும் அங்கேயே இருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் புங்க மரத்தடியில் ஒரு மேஜை, நாலு நாற்காலி. மேஜைக்குப் பின்னால் ஊராட்சித் தலைவரான ஓர் அம்மாள், பக்கத்தில் ஊராட்சிச் செயலர், ஒன்றியத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி. வார்டு உறுப்பினர்கள் ஒரு பெஞ்சியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜனங்கள் தரையில்.

கிராம சபை என்பது 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கொடுத்த சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு முறை கூடிக்கொண்டிருந்தது. 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களும் சேர்ந்துகொண்டன. வரவு செலவைச் சபை முன்னால் வாசிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். ஆனால் கோரம் இருக்க வேண்டும். 500 ஜனத்தொகை வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

இந்த ஊராட்சிக்கு 200 பேர் வேண்டும். மணி பதினொன்றரை வரை வந்தவர்கள் நூற்றெழுபது சொச்சம். செயலருக்கு நெற்றி வேர்த்தது. அவரையும் குறை சொல்லக்கூடாது. குக்கிராமங்கள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. நாலு மைல் நடந்து வருகிறவன் அன்றையக் கூலியை இழந்து வருகிறான். கூட்டம் நடக்கவில்லை என்றாலோ மேலேயிருந்து வசவு வரும்.

வருகைப் புத்தகம் கை மாறி மாறி என்னிடம் வந்தது. செயலர் குனிந்து, மரியாதையாக, "ஐயா, நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பெரியவர்கள் கையெழுத்து இருந்தால் ஊருக்கே பெருமை" என்றார்.

வாசகர்களே, எழுத்தாளனிடம் கையெழுத்துக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். என் பேனா மூடி தானாகவே கழன்று விட்டது.

"சாமி!" என்று ஒரு குரல்.

எனக்கு இரண்டடி தள்ளி ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். ஊரே அவளை 'ஆயா' என்று அழைத்ததால் நானும் அப்படியே சொல்லுகிறேன். அவள் மடியில் சாய்ந்தபடி எட்டு வயதுப் பையன் ஒருவன் புங்கங்காய் உடைத்துக்கொண்டிருந்தான்.

"சாமி, உங்க பேரு எங்க ஊரு ஓட்டு லிஸ்ட்டுல இருக்குதா?"

"இல்லையம்மா."

"அப்போ எதுக்குக் கையெழுத்து? நாளைக்கு எவனாவது இந்த நோட்டைப் பார்த்து, 'இது பொய்க் கையெழுத்து, கூட்டமே செல்லாது'ன்னு தள்ளிட்டா, எங்க கேள்வியும் கூடவே போயிடுமே?"

நான் பேனாவை மூடினேன். அன்று என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கையெழுத்துப் போடாததற்காக வெட்கமும், போடாமல் தப்பியதற்காக நிம்மதியும் ஒருங்கே அடைந்தேன். நாலைந்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரத்தில் மெய்யாகவே இருநூறு பேர் ஆகிவிட்டார்கள்.

பிறகு கேள்விகள் ஆரம்பமாயின. மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, அதில் ஏன் தண்ணீர் இல்லை? மோட்டார் எரிந்து எத்தனை நாள் ஆயிற்று? தெரு விளக்குக்கு எழுதிய செலவு எந்தத் தெருவில் எரிகிறது? தலைவர் அம்மாள் சிலவற்றுக்கு நேராகவே பதில் சொன்னார். மோட்டாருக்கு மட்டும் பதினைந்து நாள் தவணை கேட்டார். சபை பத்து நாள் கொடுத்தது.

கடைசியில் ஆயா எழுந்தாள்.

"எங்க ஊருப் பாதை என்னாச்சு?"

செயலர் சட்டென்று, "அது காட்டு நிலம் ஆயா. வனத்துறை அனுமதி வேணும். மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்" என்றார்.

"எந்த மேலிடம்?"

மைதானம் அமைதியாகிவிட்டது. 'மேலிடம்' என்ற சொல்லை நான் என் கதைகளிலேயே எத்தனையோ தடவை உபயோகித்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று எந்தக் கதாபாத்திரமும் கேட்டதில்லை.

ஆயா பையனை எழுப்பி நிறுத்தினாள். "இவன் அம்மாவைத் தூளி கட்டித் தூக்கினு வந்தோம். பாதி வழியில, பெரிய பாறை மேல, இவன் பொறந்தான். நல்ல வேளை, ரெண்டு உசிரும் தங்கிச்சு. எல்லாருக்கும் அப்படித் தங்குமா?"

தங்குவதில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். 2023 மே மாதத்தில் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை, பாதையில்லாத காரணத்தால் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை. இறந்த குழந்தையின் உடலைத் தாய் மலைப் பாதையில் சுமந்துகொண்டு நடந்ததைத் தமிழ்நாடு முழுவதும் பத்திரிகையில் படித்தது. நானும் படித்தேன். படித்துவிட்டு இரண்டாவது காபி சாப்பிட்டேன்.

ஆயாவின் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் பேத்தி. கீழே கல்லூரியில் படிக்கிறவள். கையில் ஒரு நோட்டு.

"காட்டு நிலம்னு சொன்னதும் பேச்சை முடிச்சிடறீங்க. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், 3-ஆவது பிரிவு, 2-ஆவது உட்பிரிவைப் பாருங்க. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, குடிதண்ணி, ரோடுன்னு 13 காரியத்துக்குக் காட்டு நிலம் கொடுக்கலாம்னு இருக்குது. மூணு நிபந்தனைதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள்ள இருக்கணும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்கணும். எங்க பாதை 3 கிலோமீட்டர். 3 மீட்டர் அகலம் போட்டா 9,000 சதுர மீட்டர். ஹெக்டேர்ங்கிறது 10,000. கணக்கு சரியா இருக்குதுங்களா?"

ஒன்றிய அதிகாரி செல்போனை எடுத்து விரலால் பெருக்கிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"எங்க குக்கிராமத்துல தனியாக் கூடினோம். பெரியவங்க பாதிப் பேருக்கு மேல வந்து, பெண்களும் வந்து, தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பிப்ரவரி மாசமே இங்க கொண்டு வந்து கொடுத்தோம். அது இப்போ எந்த மேஜை மேல இருக்குது?"

பொய்க் கையெழுத்தைப் பற்றி ஆயாவுக்கு ஏன் அத்தனை அக்கறை என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கையெழுத்து என்பது எனக்கு அலங்காரம். அவர்களுக்கோ அது ஒன்றுதான் மூலதனம்.

அப்போது பெஞ்சியில் இருந்த வார்டு உறுப்பினர் ஒருவர் எழுந்தார். அதுவரையில் வாயைத் திறக்காதவர். "நானும் உறுப்பினர் கூட்டத்துல மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் 'அனுப்பியாச்சு'ன்னு சொன்னாங்க. அனுப்பின தேதியும் நம்பரும் இப்ப சபைக்குச் சொல்லணும்" என்றார்.

செயலர் பீரோவைத் திறந்தார். கட்டுகளைப் புரட்டினார். தலைவர் அம்மாளே எழுந்து வந்து கூடச் சேர்ந்து தேடினார். அரைமணி நேரத்துக்குப் பிறகு, ஏதோ ஒரு கணக்கெடுப்புப் படிவத்தின் அடியிலிருந்து அந்தக் காகிதம் வெளிவந்தது. இருபத்திரண்டு ரேகைகளும் முப்பது கையெழுத்துக்களும் அப்படியே இருந்தன. அது எந்த மேலிடத்துக்கும் போகவில்லை. கீழிடத்திலேயே ஆறு மாதம் தூங்கியிருக்கிறது.

யாரும் கூச்சல் போடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். தலைவர் அம்மாள் மட்டும் தாழ்ந்த குரலில், "தப்பு எங்க மேலதான். எழுதிக்கோங்க" என்றார்.

செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். கூட்டம் கலையப் போயிற்று. ஆயா நகரவில்லை.

"எழுதினதைப் படிங்க."

"'பாதை அமைப்பது குறித்து ஆவன செய்யப்படும்'..." என்று அவர் படித்தார்.

"ஆவனன்னா என்னா?"

செயலர் என்னைப் பார்த்தார். தமிழ் எழுத்தாளன் என்ற முறையில் நான்தான் விளக்க வேண்டுமாம். "ஆக வேண்டியவை என்று அர்த்தம் அம்மா" என்றேன். "ஆக வேண்டியதை யாரு செய்வா, என்னைக்குச் செய்வான்னு அதுல இருக்குதா?" என்றாள். இல்லை என்று ஒப்புக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி என் எதிரே ஒரு வாக்கியத்துக்கு எழுவாயும் காலமும் இல்லையென்று கண்டுபிடித்துவிட்டாள்!

வாக்கியத்தைத் திருத்தி எழுதினார்கள். இன்ன தேதிக்குள், இன்னார், இன்ன அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நகல் குக்கிராமத்துக்குத் தரவேண்டும். ஆயா கட்டைவிரலில் மை தடவி ரேகை வைத்தாள். நாவலில் நான் எழுதிய எந்த வாக்கியமும் அவ்வளவு தெளிவாக இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும. பழங்குடி மக்கள் வாழும் பிரதேசங்களில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்க 1996-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. ஆனால் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் உள்ள பகுதிகளுக்கே அது பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஆகையால் ஜவ்வாது மலைக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர்களிடம் இருப்பது புங்க மரத்தடியும், வருஷத்துக்கு ஆறு நாளும், கேட்கத் தெரிந்த வாயும்தான்.

நான் ஊருக்குத் திரும்பினேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு திருவண்ணாமலை உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் ஐந்து வருஷப் பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்களிடம் பொறுப்புப் போயிற்று. அந்தப் பேத்திக்குப் போன் செய்தேன். "தலைவரும் போய்விட்டார், உறுப்பினர்களும் போய்விட்டார்கள். இனி யாரைக் கேட்பீர்கள்?" என்றேன்.

"காகிதம் நவம்பர்ல போயிடுச்சுங்க. வந்து நிலத்தை அளந்துட்டும் போயிட்டாங்க. பாதை இன்னும் வரலை. ஆயாகிட்டயும் நீங்க கேட்டதையே கேட்டேன். 'அவங்க பதவிதான் போச்சு, நம்ம பதவி எங்க போச்சு?'ன்னுச்சு" என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். தலைவர் பதவி ஐந்து வருஷம். சபையின் அங்கத்தினர் பதவியோ ஆயுள் பரியந்தம். தனி அலுவலர் வந்தாலும் சபை கூடித்தான் ஆகவேண்டும்.

நகரத்திலும் எங்களுக்கு 'பகுதி சபை' என்று ஒன்று உண்டு. 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதல் முதலாகக் கூடிற்று. எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றிப் பத்திரிகைக்கு நான் நாலு கடிதம் எழுதியிருக்கிறேன். நடை நன்றாயிருக்கிறது என்று நண்பர்கள் பாராட்டினார்கள். சாக்கடை நகரவில்லை. பகுதி சபைக்கு மட்டும் ஒரு தடவையும் போனதில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். மின்விசிறிக்குக் கீழே பதினோரு பேர் இருந்தோம். வருகைப் புத்தகத்தில் என் கையெழுத்தை, மெய்யான கையெழுத்தை, போட்டேன். எழுந்து நின்றபோது குரல் நடுங்கிற்று. சாக்கடையைப் பற்றிக் கேட்டேன்.

"மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் சார்" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்.

உட்கார்ந்துவிடலாம் என்றுதான் தோன்றிற்று. ஆனால் எங்கேயோ ஒரு புங்க மரத்தடியிலிருந்து ஒரு கிழவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மேலிடம்?" என்று கேட்டேன்.